ஸ்கேட் பாக்ஸ் நகருது, ஆடுது, மாட்டுது: எங்கே பார்க்கணும், எப்படிச் சரி பண்ணணும்

பெங்களூரில் ஸ்கேட்போர்டு ஓட்டுகிற பிள்ளைகள் பலருக்கு வீட்டுப் பக்கத்தில் ஸ்கேட் பார்க் கிடையாது. அல்சூரிலிருந்தோ ஸ்ரீராமபுரத்திலிருந்தோ கிளம்பி, ஊருக்கு மறுகோடியில் இருக்கிற பார்க்கைப் போய்ச் சேர்வதற்குள் டிராஃபிக்கிலேயே சாயங்காலம் முடிந்துவிடும். அதனால் பிளைவுட், ஆங்கிள் (எல் வடிவ இரும்புப் பட்டை), ஸ்க்ரூ வாங்கி, போர்டோடு ஏறி ஓரத்தில் சறுக்கிப் பழகுவதற்கு வீட்டிலேயே ஒரு பாக்ஸ் செய்துகொள்வது நல்ல வழி. மொட்டை மாடியிலோ, அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்டிலோ, ஞாயிறு காலையில் வண்டி வராத தெருவிலோ வைத்து ஓட்டிவிட்டு, திரும்பத் தூக்கி வைத்துவிடலாம்.

செய்வதற்கு வழி சொல்கிற வீடியோக்கள் நிறைய இருக்கின்றன. செய்து முடித்து இரண்டு வாரம் ஓட்டியதும் பாக்ஸ் நகர ஆரம்பிக்கும், ஆங்கிள் சத்தம் போடும், ஓரத்தில் சக்கரம் மாட்டும். அந்தக் கட்டத்தில் என்ன பண்ணுவது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் பார்த்தவரை, கோளாறு மேலே தெரியும், காரணம் அதற்குக் கீழே எங்கோ இருக்கும். ஆங்கிள் தளர்ந்தால் எல்லோரும் இன்னும் நாலு ஸ்க்ரூ அடிக்கிறார்கள். அது தப்பு. முதலில் தரையைப் பாருங்கள், பிறகு பாக்ஸின் அடியை, பிறகு மூட்டுகளை, கடைசியில் மேல்பரப்பை. இந்த வரிசையில் போனால் பாதிக் கோளாறு ஸ்க்ரூ டிரைவரை எடுக்கும் முன்பே பிடிபட்டுவிடும்.

அளவு சொல்ல வசதியாக ஒரு பாக்ஸை மனதில் வைத்துக்கொள்வோம். நீளம் 4 அடி, அகலம் 18 அங்குலம், மொத்த உயரம் ஏறக்குறைய 10 அங்குலம். உடம்பு 18 மி.மீ. பிளைவுட், உள் மூலைகளில் ஒன்றரை அங்குல ரீப்பர் கட்டை, மேலே இன்னொரு 6 மி.மீ. பிளைவுட், ஓரத்தில் 40-க்கு 40, 5 மி.மீ. கனமுள்ள இரும்பு ஆங்கிள். 8-க்கு 4 அடி ஷீட் ஒன்றைக் கவனமாக அறுத்தால் இந்த மாதிரி இரண்டு பாக்ஸுக்கு உடம்பு வந்துவிடும். இரண்டையும் போல்ட் போட்டுச் சேர்த்தால் 8 அடி நீளம் கிடைக்கும். ஒரு பாக்ஸ் 25 முதல் 30 கிலோ வரும். இரண்டு பேர் சிரமமில்லாமல் தூக்கலாம்.

“ஏறி அடிச்சா பாக்ஸ் நகருது”

எல்லோரும் முதலில் சொல்கிற குறை இதுதான். 60 கிலோ ஆள் வேகமாக வந்து, பாக்ஸின் ஓரத்தில் டிரக்கை (போர்டின் அடியில் சக்கரங்களைத் தாங்குகிற உலோகத் துண்டு) வைத்துச் சறுக்கும்போது, அவருடைய வேகத்தில் ஒரு பங்கு பாக்ஸுக்குப் போகிறது. பாக்ஸ் 30 கிலோதான். அடியில் பிடிமானம் இல்லையென்றால் அது நகரத்தான் செய்யும். இதில் ஆபத்தும் இருக்கிறது. பாக்ஸ் பக்கவாட்டில் இரண்டு அங்குலம் நழுவினாலே போர்டு கீழே தங்கிவிடும், ஆள் மட்டும் முன்னால் போவார்.

முதலில் தரை. பாக்ஸ் வைக்கிற இடத்தையும் சுற்றி ஓர் ஆறடியையும் துடைப்பத்தால் நன்றாகப் பெருக்கிவிட்டு, பாக்ஸை வைத்து, ஓரத்தில் காலை வைத்துப் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். இப்போது நகரவில்லையென்றால் பாக்ஸில் ஒரு குறையும் இல்லை. பெங்களூரில் எந்தத் தெருவை எடுத்தாலும் பக்கத்தில் ஒரு கட்டடம் எழும்பிக்கொண்டிருக்கும். அந்த எம்-சாண்ட் தூசி ரப்பருக்கும் தரைக்கும் நடுவில் உருளுகிறது. பேஸ்மென்ட்டில் வேறு பிரச்சினை: வழவழவென்று தேய்த்த சிமென்ட் தரையில் வண்டிகளின் எண்ணெய் சொட்டியிருக்கும். அந்த இடத்தைத் துடைக்க வேண்டும், இல்லையென்றால் பாக்ஸை வேறு பக்கம் நகர்த்தி வைக்க வேண்டும்.

பெருக்கிய பிறகும் நகர்ந்தால் பாக்ஸைக் கவிழ்த்துப் பாருங்கள். பிளைவுட் விளிம்பு நேராகத் தரையில் உட்காருகிறதா? அப்படியானால் ரப்பர் வேண்டும். பழைய ஸ்கூட்டர் டியூபை 2 அங்குல அகலத்தில் வெட்டி, விளிம்பு முழுக்கச் சுற்றி ஒட்டுகிறார்கள். அதைவிட, மூலைக்கு ஒன்று, நீளப் பக்கங்களின் நடுவில் ஒவ்வொன்று என ஆறு இடத்தில், தலா 5 அங்குல நீளத்துக்கு இரண்டு மடிப்பாக ஒட்டுவது மேல். எடை ஆறு இடத்தில் மட்டும் இறங்குவதால் ரப்பர் அழுந்திப் பிடிக்கும், மேடுபள்ளத்துக்கும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். ரப்பர் பசையோடு இரண்டு சின்னத் தட்டை ஆணி அடித்து, தலையை ரப்பருக்குள் முழுக்க இறக்கிவிடுங்கள். தலை வெளியே நீட்டினால் தரையைக் கீறும், பிடிமானமும் போய்விடும்.

மூன்றாவதுதான் எடை. சிமென்ட் சாக்கை இரட்டையாகப் போட்டு, 10 கிலோ மணல் நிரப்பி, வாயை இறுக்கித் தைத்து, இரண்டு மூட்டை தயார் பண்ணுங்கள். நடுவில் வைக்காதீர்கள், பாக்ஸின் இரண்டு முனையிலும் ஒவ்வொன்றாக வையுங்கள். நடுவில் மட்டும் எடை இருந்தால் முனை ஓர் அச்சில் சுற்றுவது மாதிரி லேசாகத் திரும்பும். உள்ளே மூட்டை உருளாதபடி குறுக்கே ஒரு ரீப்பர் அடித்து அணைத்துவிடுங்கள். ஓட்டி முடித்ததும் மூட்டையை வெளியே எடுத்துவிட்டுப் பாக்ஸைத் தூக்கலாம். எடையைப் பாக்ஸோடு நிரந்தரமாகச் சேர்க்காததற்குக் காரணமே அதுதான்.

“வச்ச இடத்துல ஆடுது”

குற்றம் தரையிலா, பாக்ஸிலா என்று கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. எந்த மூலை தூக்கிக்கொண்டு நிற்கிறதோ அதில் சாக்பீஸால் ஒரு குறி போடுங்கள். பாக்ஸைத் திருப்பாமல் அப்படியே வேறு இரண்டு மூன்று இடத்தில் வைத்துப் பாருங்கள். எல்லா இடத்திலும் குறி போட்ட மூலையே தூக்கினால் பாக்ஸ் கோணல். மற்ற இடங்களில் ஆடாமல் நின்றால் முதல் இடத்தின் தரைதான் கோணல்.

மொட்டை மாடி எதுவும் மட்டமாக இருக்காது. மழைத்தண்ணீர் ஓடவேண்டும் என்று வாட்டம் வைத்துத்தான் தளம் போடுவார்கள். அதனால் மாடியில் பாக்ஸை வாட்டத்தின் போக்கிலேயே நீளவாக்கில் வைத்துவிடுங்கள். குறுக்கே வைத்தால் ஒரு பக்கம் சாய்ந்து, சறுக்கும்போது போர்டு ஒரு பக்கமாகவே இழுக்கும். மிச்சமுள்ள இடைவெளிக்கு ரப்பர் துண்டு சொருகினால் போதும். மரத்துண்டு வேண்டாம், ரெண்டு அடி விழுந்ததும் வெளியே துள்ளிவிடும்.

பாக்ஸே கோணலென்றால் மூலைக்கு மூலை அளவு எடுங்கள். அடிப்பக்கத்தில் எதிரெதிர் மூலைகளுக்கிடையே டேப் பிடித்தால் இரண்டு அளவும் ஒன்றாக இருக்கவேண்டும். ஒரு நூல் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) வித்தியாசம் பரவாயில்லை. இரண்டு நூலுக்கு மேல் போனால் பாக்ஸ் இழுத்துக்கொண்டு நிற்கிறது. இரண்டு அளவும் சரியாக இருந்தும் ஆடுகிறதென்றால் முறுக்கு விழுந்திருக்கிறது. அதற்கு நீளமான இரண்டு நேர் ரீப்பரை இரண்டு முனையிலும் குறுக்கே வைத்து, ஒரு பக்கம் குனிந்து, ஒன்றின் மேல் ஒன்றாகக் கண்ணால் ஓட்டிப் பாருங்கள். முறுக்கு இருந்தால் இரண்டும் கத்திரிக்கோல் போட்டு நிற்கும். முனைப் பலகையின் ஸ்க்ரூக்களைக் கழற்றி, மட்டமான தரையில் வைத்து அமுக்கிப் பிடித்துக்கொண்டே திரும்ப முடுக்குங்கள். பசை போட்டு ஒட்டிய பாக்ஸாக இருந்தால் இது நடக்காது. இழைப்புளியால் நீட்டுகிற மூலைகளைச் சீவுவதுதான் வழி.

“ஆங்கிள் கடகடன்னு சத்தம் போடுது”

கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். வீட்டில் செய்கிற பாக்ஸ்களில் பெரும்பாலானவை கெடுவது இந்த இடத்தில்தான்.

கடையில் ஓர் ஆங்கிள் துண்டைக் கையில் எடுத்து, அதன் உள்மூலையில் விரலை ஓட்டிப் பாருங்கள். வெளிமூலை கூர்மையாக இருக்கும். உள்மூலையில் இரண்டு தட்டும் சேருகிற இடம் கூர்மையாக இல்லாமல், இரும்பு கொஞ்சம் நிறைந்து வளைவாக இருக்கும். ஆலையில் உருட்டி எடுக்கும்போதே அப்படித்தான் வருகிறது. பிளைவுட்டின் மூலையோ சரியான செங்கோணம். செங்கோண மூலையில் இந்த ஆங்கிளை உட்கார்த்தினால், மரத்தின் மூலை அந்த வளைவில் போய் இடிக்கும். இரண்டு தட்டும் மரத்தில் படியாது. மேல்தட்டுக்கு அடியில் ஒரு மெல்லிய இடைவெளி, பக்கத்தட்டுக்குப் பின்னால் இன்னொன்று. ஸ்க்ரூ முடுக்கினால் பார்வைக்கு இறுகினது மாதிரி இருக்கும். உண்மையில் இரும்பு மரத்தின் கூரான மூலையில் மட்டும் தொங்கிக்கொண்டு நிற்கிறது. ஒவ்வொரு முறை டிரக் விழும்போதும் அந்த மூலை நசுங்குகிறது, ஸ்க்ரூ ஒரு மயிரிழை தளருகிறது, அப்புறம் சத்தம் ஆரம்பிக்கிறது.

சந்தேகமிருந்தால் ஒரு போஸ்ட்கார்டையோ விசிட்டிங் கார்டையோ எடுத்து ஆங்கிளுக்கும் மரத்துக்கும் நடுவில் நுழைத்துப் பாருங்கள். கால் அங்குலத்துக்கு மேல் உள்ளே போனால் இதுதான் காரணம்.

ஆங்கிளைக் கழற்றி, பிளைவுட் மூலையை இழைப்புளியால் சாய்வாகச் சீவுங்கள். ஏறக்குறைய 6 மி.மீ. சாய்வு போதும். இழைப்புளி இல்லையென்றால் 60-ஆம் நம்பர் உப்புத்தாளை ஒரு கட்டையில் சுற்றித் தேய்த்தாலும் வரும், நேரம்தான் ஆகும். ஆங்கிளை வெறுமனே வைத்து அமுக்கிப் பாருங்கள். டொக்கென்று உட்காரவேண்டும், அசைத்தால் சத்தம் வரக்கூடாது. அப்புறம்தான் ஸ்க்ரூ.

ஆங்கிளே வளைந்திருக்கிறதா என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நூல் பிடித்தால் தெரிந்துவிடும். கடையில் குவியலிலிருந்து உருவிக் கொடுக்கிற ஆங்கிள் சில சமயம் லேசாக வளைந்திருக்கும். வாங்கும்போதே கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்து, “அண்ணா, இது வேணாம், நேரா இருக்கிறதா ஒண்ணு பாருங்க” என்று கேட்டு வாங்குங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

“ஸ்க்ரூ கழண்டுக்கிட்டே இருக்கு, தலை உடையுது”

தலை உடைந்தால் நீங்கள் போட்டது கறுப்பு நிற ஜிப்சம் போர்டு ஸ்க்ரூவாக இருக்கும். எல்லா ஹார்டுவேர் கடையிலும் கிடைப்பதாலும் விலை குறைவு என்பதாலும் அதைத்தான் எல்லோரும் எடுக்கிறார்கள். அது கடினமாக்கப்பட்ட இரும்பு, வளையாது, பக்கவாட்டு அடியில் படக்கென்று ஒடியும். ஆங்கிளுக்கு அது வேண்டவே வேண்டாம். சாதாரண மர ஸ்க்ரூவில் தட்டைத் தலை உள்ளதாக, 40 மி.மீ. நீளத்துக்குக் குறையாமல் போடுங்கள்.

கழன்றுகொண்டே இருந்தால் ஸ்க்ரூ எங்கே போய் இறங்குகிறது என்று பாருங்கள். பிளைவுட்டின் அடுக்குகள் தெரிகிற விளிம்புக்குள் இறங்கினால் அது பிடிக்காது, அடுக்குகளைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். உள்ளேயிருக்கிற ரீப்பருக்குள் இறங்கவேண்டும். ரீப்பரே வைக்காமல் செய்த பாக்ஸென்றால் கவிழ்த்து, உள்மூலை நெடுக ஒன்றரை அங்குல ரீப்பரைப் பசை வைத்து ஒட்டிவிட்டு, அதில் புதுத் துளை போடுங்கள். பழைய துளையில் தீக்குச்சி சொருகுவது கதவுக் கீலுக்குச் சரி, இதற்குத் தாங்காது.

ஆங்கிளில் துளை போடும்போது ஸ்க்ரூத் தலை உட்காருவதற்குக் குழி எடுப்பது முக்கியம். தலை இரும்பின் மட்டத்துக்கு அரை மி.மீ. கீழே இருக்கவேண்டும். விரல் நுனியால் தடவினால் பள்ளம்தான் தெரியவேண்டும், மேடு தெரியக்கூடாது. வீட்டில் டிரில் இல்லாதவர்கள் வெல்டிங் கடையில் கொடுத்துத் துளை போட்டுக்கொள்ளலாம். குழியும் எடுத்துத் தரச் சொல்லுங்கள், கேட்காவிட்டால் துளை மட்டும்தான் போடுவார்கள்.

இன்னொன்று பருவம். ஜனவரி முடிந்து மழை தொடங்கும் வரை இங்கே காற்று நன்றாகக் காய்ந்திருக்கும். ஈரத்தோடு வாங்கிய பைன் ரீப்பர் அந்த மாதங்களில் சுருங்கும், எல்லா ஸ்க்ரூவும் ஒன்றாகத் தளரும். அப்படி வந்தால் பயப்படவேண்டியதில்லை. ஒருமுறை எல்லாவற்றையும் முடுக்கிவிட்டால் போதும்.

“ஓரத்துல சக்கரம் தட்டுது”

பிளைவுட் மேலே ஆங்கிளை அப்படியே வைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். இரும்பின் 5 மி.மீ. கனம் அங்கே ஒரு படியாக நிற்கிறது. ஸ்கேட்போர்டு சக்கரத்தின் விட்டமே 50 முதல் 54 மி.மீ.தான், ரப்பர் மாதிரி மெத்தென்றும் இருக்காது. அதற்கு 5 மி.மீ. என்பது பெரிய படி. ஆங்கிளை விட்டு மிச்ச இடம் முழுக்க 6 மி.மீ. பிளைவுட்டை மேலடுக்காகப் போட்டால் மட்டம் ஒன்றாகிவிடும். கடையில் 6 என்று தருகிற ஷீட் அளந்தால் பெரும்பாலும் கொஞ்சம் குறைவாகவே இருக்கும், அது நமக்கு நல்லதுதான். ஒரு மி.மீ. வித்தியாசம் சக்கரத்துக்குத் தெரியாது. இந்த மேலடுக்குக்குப் பசை போடாமல் ஸ்க்ரூ மட்டும் போடுங்கள். முதலில் தேய்ந்து சிலாம்பு எழும்புவது இதுதான், கழற்றி மாற்ற வசதியாக இருக்கும்.

“போர்டு சறுக்க மாட்டேங்குது”

புது ஆங்கிளின் மேல் கருநீலமாக ஒரு தோல் இருக்கும், துரு தடுக்க ரெட் ஆக்சைடு அடித்தும் இருப்பீர்கள். இரண்டுமே சறுக்கவிடாது. சறுக்குகிற ஓரத்தில் மட்டும் பெயின்ட்டை முழுக்க எடுத்துவிட்டு, வெளிமூலையை அரத்தால் நீளவாக்கில் ராவி, லேசாக உருட்டுங்கள். பிறகு 80, 120, 220 என்று எமரித் தாளை வரிசையாக மாற்றித் தேய்த்தால் இரும்பு பளிச்சென்று வந்துவிடும். மூலையை அதிகமாக உருட்டிவிடாதீர்கள், ஒரு 2 மி.மீ. போதும். வெல்டிங் கடையில் கிரைண்டர் கல் போட்டுக் கொடுக்கச் சொன்னால் அவசரத்தில் ஆங்காங்கே பள்ளம் விழும், கையால் ராவுவதே எனக்குப் பிடித்த வழி.

அப்புறம் மெழுகு. மளிகைக் கடை வெள்ளை மெழுகுவத்தி போதும், ஸ்கேட்டுக்கென்று விற்கிற மெழுகு கட்டாயமில்லை. ஒரே ஒரு முறை அழுத்தித் தேய்த்துவிட்டு, போர்டின் அடியால் நாலைந்து தடவை கையாலேயே இழுத்துப் பாருங்கள். போதாவிட்டால் மட்டும் இன்னொரு முறை. மெழுகு அதிகமானால் ஏறின வேகத்தில் போர்டு காலடியிலிருந்து பறந்துவிடும். புதிதாகப் பழகுகிற பிள்ளைகள் இருந்தால் இதில் ரொம்பக் கவனம் வேண்டும். யார் மெழுகு போட்டாலும் மற்றவர்களிடம் சொல்லிவிட்டுத்தான் போடவேண்டும். கூடிப்போனால் மண்ணெண்ணெய் அல்லது டர்பன்டைன் நனைத்த துணியால் துடைத்து, காய்ந்த துணியால் இன்னொரு முறை துடையுங்கள். மேல் பிளைவுட்டில் மெழுகு படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அங்கே சக்கரம் பிடிக்கவேண்டும்.

மழைக்காலத்தில் ஒரு ராத்திரியில் செந்துரு படிந்துவிடும். 220 தாளால் ரெண்டு இழுப்பு இழுத்து மெழுகு போட்டால் சரியாகிவிடும்.

“கிக்கர்ல ஏறும்போதே சக்கரம் நிக்குது”

பாக்ஸோடு கிக்கர் என்கிற ஒரு சின்ன ஏற்றப்பலகையும் செய்திருப்பீர்கள். 4 அடி நீளம், 1 அடி உயரம் இருந்தால் ஏறக்குறைய 14 டிகிரி சாய்வு, பழகுவதற்கு ஏற்றது. அதன் வாயில், பிளைவுட் தரையைத் தொடுகிற இடத்தில் 12 மி.மீ. கனம் அப்படியே நின்றால் சக்கரம் நின்றுவிடும். விளிம்பை இழைப்புளியால் கத்திமுனையாகச் சீவி, அதன்மேல் 2 மி.மீ. இரும்புத் தகட்டை 8 அல்லது 10 அங்குல அகலத்துக்குப் போடவேண்டும்.

தகடு போட்ட பிறகு ஏறும்போது தகட்டின் முனை துள்ளித் துள்ளித் தட்டினால், அதன் மடிப்பு போதவில்லை. தகட்டைக் கழற்றி, இப்போது இருப்பதைவிட ஒரு துளி அதிகமாகக் கீழ்நோக்கி மடித்து மாட்டுங்கள். மாட்டியபின் அது தன் விறைப்பாலேயே தரையை அழுத்திக்கொண்டிருக்கும். ஸ்க்ரூ மேல்விளிம்பில் மட்டும்தான், கீழே போடக்கூடாது. தரைக்கு ஏற்ப முனை வளைந்து கொடுக்கவேண்டும். முனையில் பிசிர் இல்லாமல் அரம் போட்டுவிடுங்கள், விழுந்தால் கையைக் கிழிக்கிற இடம் அது.

நடுவில் அமுங்கினால் அடியில் சட்டம் போதாது. 12 மி.மீ. பிளைவுட்டுக்கு 8 அங்குலத்துக்கு ஒரு சட்டம் வேண்டும். வளைவான கிக்கரென்றால் 6 மி.மீ. ஷீட்டை இரண்டு அடுக்காகப் போடுவது சுலபம், மேல்தோலின் ரேகை கிக்கரின் அகலவாக்கில் ஓடவேண்டும். நீளவாக்கில் போட்டால் வளைக்கும்போது படபடவென்று விரியும்.

“ரெண்டு பாக்ஸும் சேர்ற இடத்துல தடுக்குது”

போல்ட்டால் மட்டத்தைப் பிடிக்கமுடியாது. போல்ட் இழுத்துப் பிடிக்கும், அவ்வளவுதான். மட்டத்துக்கு ஆப்பு மாதிரி இரண்டு மரக்குச்சி வேண்டும். ஒரு பாக்ஸின் முனையில் 12 மி.மீ. தடியுள்ள இரண்டு குச்சியைப் பசை வைத்துப் பதித்து, மறு பாக்ஸில் அதே இடத்தில் துளை. இரண்டு பாக்ஸையும் சேர்த்துக் கிளாம்ப் போட்டு, மேலே ஸ்கேல் வைத்து மட்டம் பார்த்தபின், ஒரே மூச்சில் இரண்டையும் ஊடுருவித் துளை போட்டால்தான் சரியாக வரும். தனித்தனியாக அளந்து போட்டால் வராது. எம்10 போல்ட்டுக்கு 12 மி.மீ. துளை, இரண்டு பக்கமும் அகலமான வாஷர், காதுள்ள நட். கையாலேயே முடுக்கலாம்.

சேருகிற முனையில் இரண்டு ஆங்கிளின் விளிம்பையும் அரத்தால் ஒரு மி.மீ. சரித்துவிடுங்கள். எது முதல் பாக்ஸ், எந்த முனையோடு எந்த முனை என்று உள்ளே பெயின்ட்டால் எழுதியும் வைத்துவிட்டால், அடுத்த வாரம் மாட்டும்போது குழப்பம் வராது.

“மழையில நனைஞ்சு ஓரம் ஊதிடுச்சு”

பெங்களூரில் மே மாதச் சாயங்கால மழை சொல்லிக்கொண்டு வராது, செப்டம்பர், அக்டோபரில் இன்னும் அதிகம். சாதாரண கமர்ஷியல் பிளைவுட் ஒரு மழைகூடத் தாங்காது. ஐ.எஸ். 710 முத்திரையுள்ள பி.டபிள்யூ.பி. ரகம் 72 மணி நேரம் கொதிக்கவைத்துச் சோதிக்கப்படுவது. விலை கூடுதல்தான். மாடியில் வெளியே வைக்கப்போகிறீர்களென்றால் அதைத்தான் வாங்குங்கள். வீட்டுக்குள் தூக்கி வைப்பீர்களென்றால் அந்தச் செலவு தேவையில்லை.

ஊதிய ஓரத்தைச் சரிசெய்ய முதலில் இரண்டு மூன்று நாள் நிழலில் காயவிடுங்கள். வெயிலில் வைத்தால் பலகை நெளியும். காய்ந்தபின் அடுக்குகளுக்கு நடுவில் தண்ணீர் தாங்கும் பசையை மெல்லிய அட்டையால் தள்ளி, மேலும் கீழும் ரீப்பர் வைத்து, ஒரு நாள் கிளாம்ப் போட்டு வையுங்கள். ரீப்பருக்கும் பலகைக்கும் நடுவில் பாலித்தீன் தாள் வைக்க மறக்கவேண்டாம். பிறகு தேய்த்து, எல்லா விளிம்புக்கும் இரண்டு கோட் எனாமல். தண்ணீர் குடிப்பது விளிம்புதான், முகம் அல்ல. விரலால் பிய்த்தால் உதிருகிற அளவுக்குப் போயிருந்தால் ஒட்டிப் பயனில்லை, பலகையையே மாற்றுங்கள்.

தார்ப்பாய் போட்டு மூடினால் அடியில் செங்கல் வைத்துத் தூக்கி, கீழே காற்றுப் போக விடுங்கள். தரையோடு சேர்த்து இறுக்கி மூடினால் உள்ளேயே வேர்த்து நனையும்.

“கீழ்வீட்டு அக்கா சத்தம் போடுறாங்க”

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. உள்ளே காலியான பெட்டி தவில் மாதிரி அதிரும், மாடித் தளம் அதை அப்படியே கீழே இறக்கும். மணல் மூட்டை பாதிச் சத்தத்தைக் குறைத்துவிடும். மிச்சத்துக்கு, பழைய மெத்தைப் பஞ்சை மேல்பலகையின் அடியில் இறுக்கித் திணித்து, குறுக்கே ரீப்பர் அடித்து நிறுத்துங்கள். ரப்பர் பாதங்கள் இங்கேயும் உதவும். இறங்குகிற இடத்தின் சத்தத்தை ஒன்றும் செய்யமுடியாது, அதற்கு நேரத்தைப் பேசி வைத்துக்கொள்வதுதான். “அக்கா, சாயங்காலம் அஞ்சிலிருந்து ஆறரை வரைக்கும்தான், ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஓட்டமாட்டோம்” என்று போய்ச் சொல்லிவிட்டு வந்தால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். பரீட்சை மாதத்தில் பாக்ஸை பேஸ்மென்ட்டுக்கு இறக்கிவிடுங்கள்.

“வெல்டிங் பண்ணின ரெயில் வளைஞ்சு போச்சு”

ரெயில் என்பது கால் வைத்து நிறுத்திய சறுக்குக் கம்பி. அதில் ஒரே பக்கமாகத் தொடர்ந்து வெல்டு வைத்தால் சூட்டில் இழுத்துக்கொள்ளும். எல்லாக் காலையும் முதலில் பொட்டு வைத்து நிறுத்தி, மூலைமட்டம் பார்த்து, அப்புறம் எதிரெதிர்ப் பக்கமாக மாற்றி மாற்றி முழு வெல்டு வைக்கச் சொல்லுங்கள். ஜி.ஐ. பைப் கொடுத்தால் வெல்டு வைக்கிற இடத்தில் துத்தநாகப் பூச்சைக் கல் போட்டு எடுத்தபின்தான் வைக்கவேண்டும், அந்தப் புகை வெல்டு வைக்கிறவருக்கு ஆகாது. ரெயில் கவிழ்ந்துகொண்டே இருந்தால் பாதம் குறுகல். ஓரடி உயரத்துக்கு இரண்டடி அகலமாவது பாதம் வேண்டும்.

எப்போது விட்டுவிடுவது

பக்கப் பலகையில் ஸ்க்ரூ வரிசை நெடுக விரிசல் ஓடினாலோ, ரீப்பர் நீளவாக்கில் பிளந்தாலோ, ஒட்டிப் பார்க்காதீர்கள். அதன்மேல் ஆள் ஏறிக் குதிக்கிறார்கள். ஆங்கிளைக் கழற்றி எண்ணெய் தடவி எடுத்து வையுங்கள், போல்ட்டுகளையும் ரப்பரையும் கூட. பாக்ஸில் தேயாத பொருள் ஆங்கிள்தான். அதை வைத்துக் குறித்தால் புது ரீப்பரில் துளை போடவேண்டிய இடமும் தெரிந்துவிடும்.